கார்பன் குறைஞ்சது சரி... எதனால் குறைஞ்சது? ஆலைகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் தெரியும் கதை

2024 செப்டம்பர் 20-ம் தேதி. ஒடிசா மாநிலம் கலிங்கநகரில், இந்தியாவின் மிகப்பெரிய பிளாஸ்ட் ஃபர்னஸை டாடா ஸ்டீல் இயக்கத் தொடங்கியது. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 30-ம் தேதி, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள போர்ட் டால்பட் ஆலையில், அதே நிறுவனம் கடைசி பிளாஸ்ட் ஃபர்னஸை அணைத்தது. அங்கே ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போனது. பழைய இரும்பை உருக்கும் மின்சார உலை அந்த இடத்தில் வருகிறது. அது வந்தால் பிரிட்டனின் மொத்த கார்பன் உமிழ்வில் சுமார் 1.5% குறையும் என்கிறது அந்நாட்டு அரசு. அதுவரை ஆலைக்குத் தேவையான எஃகுப் பாளங்கள் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் போகின்றன.

பிரிட்டனின் கணக்கில் இது ஒரு வெற்றி. இந்தியாவின் கணக்கில் கூடுதல் உமிழ்வு. வளிமண்டலத்தின் கணக்கில்? அந்தக் கேள்விக்கு 'கூடியது', 'குறைந்தது' என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் அரசுகளும் நிறுவனங்களும் தினமும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

"எங்கள் ஆலையின் கார்பன் உமிழ்வு 36% குறைந்தது" என்று ஒரு லிங்க்ட்இன் பதிவு வந்தால், லைக் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதனால?

ஒரு மில், மூன்று காரணங்கள்

ஓர் உதாரணம் பார்க்கலாம். கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை மில்தான். எண்களும் கணக்குக்காகப் போட்டவை. வருடத்துக்கு 10 லட்சம் கிலோ நூல். ஒரு கிலோ நூல் நூற்க 4 யூனிட் மின்சாரம். ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம் நாட்டு மின்கட்டமைப்பின் சராசரி இப்போது ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்த எண்ணை வெளியிடுகிறது. மூன்றையும் பெருக்கினால் மில்லின் உமிழ்வு 2,800 டன்.

ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்க்கிறோம். உற்பத்தி 15 லட்சம் கிலோ ஆகிவிட்டது. புது மோட்டார், புது ஸ்பிண்டில் எல்லாம் போட்டதில் கிலோவுக்கு 3.6 யூனிட் போதும். முதலாளி காற்றாலையில் பங்கு வாங்கியிருக்கிறார். அதனால் ஒரு யூனிட்டின் சராசரி கார்பன் 0.5 கிலோவாக இறங்கிவிட்டது. இப்போதைய உமிழ்வு 2,700 டன்.

மொத்தத்தில் குறைந்தது 100 டன். அதாவது 3.6%. ஆனால் ஒரு கிலோ நூலுக்கான உமிழ்வைப் பார்த்தால் 2.8 கிலோவிலிருந்து 1.8 கிலோவாகக் குறைந்திருக்கிறது. அது 36%! ஒரே மில், ஒரே ஐந்து வருடம், இரண்டு எண்ணும் உண்மை. நடுவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆண்டறிக்கையில் எது அச்சாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு எண்ணுமே முழுக் கதையைச் சொல்லவில்லை. கணக்கைப் பிரித்தால்தான் கதை வருகிறது. உற்பத்தி கூடியதால் மட்டும் சுமார் 1,115 டன் ஏறியிருக்கிறது. புது இயந்திரங்கள் சுமார் 290 டன்னைக் குறைத்திருக்கின்றன. காற்றாலை மின்சாரம் சுமார் 925 டன்னைக் குறைத்திருக்கிறது. கூட்டிக் கழித்தால் மைனஸ் 100.

இப்போது படம் வேறு மாதிரி தெரிகிறது, இல்லையா? மில்லுக்குள்ளே நடந்த முன்னேற்றம், வளர்ச்சியால் ஏறியதில் கால்வாசியைத்தான் ஈடுகட்டியது. மீதி முழுவதையும் காப்பாற்றியது வெளியே சுழலும் காற்றாடி. நாளைக்கே காற்றாலை ஒப்பந்தம் முறிந்து, மின்வாரியக் கரண்டுக்கே திரும்பினால் உமிழ்வு 3,780 டன். புது ஸ்பிண்டில்கள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தாலும்கூட.

அந்த மூலைத் துண்டு யாருக்கு?

இப்படிப் பிரிப்பதற்கு 'டீகம்போசிஷன்' என்று பெயர். காரணிகளைக் கூறுபோடும் கணக்கு. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, தொழிற்சாலைகளின் எரிசக்திப் பயன்பாடு ஏன் மாறுகிறது என்று புரிந்துகொள்ள வந்த முறைகள் இவை. பிறகு கார்பனுக்கும் வந்தன. ஜப்பானியப் பொருளியலாளர் யோய்ச்சி காயா உருவாக்கிய 'காயா சமன்பாடு' இதே குடும்பம்தான்: மக்கள்தொகை, தலைக்கு வருமானம், வருமானத்துக்கான எரிசக்தி, எரிசக்தியின் கார்பன் ஆகிய நான்கையும் பெருக்கினால் ஒரு நாட்டின் உமிழ்வு.

பெருக்குவது சுலபம். பிரிப்பதில்தான் சிக்கல். ஒரு செவ்வக வயலை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் அதன் நீளத்தைக் கூட்டினார், தம்பி அகலத்தைக் கூட்டினார். அண்ணன் பங்கு ஒரு பக்கம், தம்பி பங்கு இன்னொரு பக்கம் என்று தெளிவாகத் தெரியும். ஆனால் இரண்டும் சேர்ந்ததால் உருவான அந்த மூலைத் துண்டு யாருக்கு? பழைய கணக்கு முறைகள் அதை 'மிச்சம்' என்று ஓரமாக வைத்துவிட்டன. சில சமயம் அந்த மிச்சமே பங்குகளைவிடப் பெரிதாக இருக்கும். அப்புறம் அந்த ஆய்வை வைத்து என்ன செய்வது?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.டபிள்யூ. ஆங் உள்ளிட்டோர் வளர்த்தெடுத்த 'எல்எம்டிஐ' முறை, லாகரிதம் சராசரியை வைத்து, மிச்சமே இல்லாமல் பிரித்துவிடுகிறது. 2000-களில் ஆங் எழுதிய வழிகாட்டிக் கட்டுரைகளுக்குப் பிறகு இதுதான் உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படுகிறது. மேலே உள்ள மில் கணக்கும் அதே முறையில் போட்டதுதான். எக்செல் தெரிந்த யாரும் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

நாலாவது காரணம்தான் ஏமாற்றுக்காரன்

மில்லில் மூன்று காரணங்கள்தான். ஒரு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ போடும்போது இன்னொன்று சேரும். எந்தெந்தத் தொழில் எவ்வளவு பங்கு என்கிற அமைப்பு மாற்றம்.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அரியலூரில் சிமென்ட், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன். ஒரு ரூபாய் மதிப்புள்ள சிமென்ட் தயாரிக்க எரியும் நிலக்கரி எங்கே, ஒரு ரூபாய் மதிப்புள்ள செல்போனை அசெம்பிள் செய்யச் செலவாகும் மின்சாரம் எங்கே! மாநிலத்தின் மின்னணு ஏற்றுமதி சில வருடங்களில் பல மடங்கு ஏறியிருக்கிறது. செல்போனின் பங்கு கூடக் கூட, 'ஒரு ரூபாய் உற்பத்திக்கான கார்பன்' என்ற சராசரி தானாக இறங்கும். சிமென்ட் ஆலையில் ஒரு பல்புகூட மாற்றியிருக்க வேண்டாம்.

இது தப்பு என்று சொல்லவில்லை. செல்போன் ஆலை வருவது நல்ல விஷயம்தான். ஆனால் அதை 'நம் ஆலைகள் சிக்கனமாகிவிட்டன' என்று எழுதினால் அது தப்பு. அந்த செல்போனுக்குள் இருக்கும் அலுமினியமும் சிப்பும் வேறெங்கோ, வேறொரு நாட்டின் நிலக்கரியில் உருவானவை. போர்ட் டால்பட்டுக்கும் கலிங்கநகருக்கும் நடுவே நடந்ததைப் போல, ஒருவர் கணக்கில் குறைவது இன்னொருவர் கணக்கில் ஏறலாம்.

உள்ளூரிலேயேகூட இது நடக்கிறது. ஒன்றிய அரசின் வருடாந்திரத் தொழில் கணக்கெடுப்பு, மின்சாரத்தில் இயங்கும் ஆலையென்றால் பத்துப் பேர், மின்சாரம் இல்லையென்றால் இருபது பேர் வேலை பார்க்கும் இடங்களைத்தான் தொடும். ஒரு பெரிய நிறுவனம் தன் பிரின்டிங்கையோ காம்பாக்டிங்கையோ ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வெளியே கொடுத்துவிட்டால், அந்த உமிழ்வு அறிக்கையிலிருந்து காணாமல் போய்விடும். புகை மட்டும் அதே தெருவில்தான் இருக்கும்.

சீனா கற்றுக்கொண்டது

இந்த வகை ஆய்வுகள் அதிகம் நடந்திருப்பது சீனாவைப் பற்றித்தான். காரணம் புரியாதது இல்லை. 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு, அந்த நாட்டின் ஆலைகள் வளர்ந்த வேகம் வரலாற்றில் இல்லாதது. 2000-ல் சுமார் 13 கோடி டன்னாக இருந்த எஃகு உற்பத்தி, 2020-ல் 100 கோடி டன்னைத் தாண்டியது.

ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்ன முடிவு ஒன்று: உமிழ்வை ஏற்றியதில் முதலிடம் உற்பத்தி வளர்ச்சிக்கு, அதை இழுத்துப் பிடித்ததில் முதலிடம் எரிசக்திச் சிக்கனத்துக்கு. எரிபொருள் மாற்றத்தின் பங்கு ரொம்ப நாளாகச் சிறியதாகவே இருந்தது, நிலக்கரிதான் எங்கும்.

2006 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுத் திட்டத்தில், உற்பத்தி மதிப்புக்கான எரிசக்தியை 20% குறைக்க வேண்டும் என்று சீன அரசு இலக்கு வைத்தது. அதிகமாக எரிசக்தி செலவிடும் ஆயிரம் நிறுவனங்களைத் தனியாகப் பிடித்து ஒப்பந்தம் போட்டது. அதிகாரபூர்வக் கணக்குப்படி 19.1% சாதித்தார்கள். பெரிய சாதனை. ஆனால் அதே ஐந்து வருடத்தில் நாட்டின் மொத்த எரிசக்திப் பயன்பாடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது.

கடைசி மாதங்களில் நடந்ததுதான் வேடிக்கை. கெடு நெருங்கியதும், 2010-ன் இரண்டாம் பாதியில், இலக்கை எட்டாத உள்ளூர் நிர்வாகங்கள் ஆலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தத் தொடங்கின. ஹெபெய் மாகாணத்தின் ஒரு பகுதியில் வீடுகளுக்கும் மருத்துவமனைக்கும்கூடக் கரண்ட் போனது. ஆலைகள் சும்மா இருக்குமா? டீசல் ஜெனரேட்டர்களை இறக்கின. நாட்டில் டீசல் தட்டுப்பாடே வந்துவிட்டது. சிக்கனத்துக்காக வைத்த எண், புகையாக வெளியே வந்தது.

இந்தக் காட்சி நமக்குப் புதிதில்லை. 2012-ல் கோவை, திருப்பூர் பக்கம் ஒரு நாளின் பாதி நேரம் மின்வெட்டு இருந்தது. அதில் நம் ஊர் மில்கள் ஓட்டியதும் டீசல் ஜெனரேட்டரைத்தான். இதில் ஒரு சின்ன ஆச்சரியம் உண்டு. ஒரு யூனிட்டுக்கான கார்பனைப் பார்த்தால் டீசலும் அன்றைய நிலக்கரி மின்சாரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அடி விழுந்தது முதலாளியின் பைக்கு. ஓடாமல் நின்ற ஷிப்டுகளால் அந்த வருடங்களில் ஒரு மில்லின் உமிழ்வு குறைந்திருந்தால், அதைப் பசுமை என்று யாராவது சொல்வார்களா? கூலி இழந்த தொழிலாளியிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். 2020 கொரோனா ஊரடங்கில் உலக உமிழ்வு சட்டென்று சரிந்ததும் இதே வகைதான். அடுத்த ஆண்டே திரும்ப ஏறிவிட்டது. ஏனென்றால் இயந்திரமும் எரிபொருளும் மாறவில்லை. சுவிட்சை மட்டும் அணைத்து வைத்திருந்தார்கள்.

ஆற்றுக்காகக் கூடிய உமிழ்வு

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. உமிழ்வு கூடினாலே கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

நொய்யலில் சாயக்கழிவு கலந்த விவகாரத்தில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றிய பிறகே அவை திரும்ப இயங்கலாம். அதற்கு ஆர்.ஓ. சவ்வுகள், உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கிகள் எல்லாம் வேண்டும். எல்லாமே மின்சாரத்தையும் நீராவியையும் குடிப்பவை. ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட ஆகும் எரிசக்தி இதனால் கூடித்தான் ஆகும். டீகம்போசிஷன் அட்டவணையில் அது 'சிக்கனம் குறைந்தது' என்று சிவப்பில் தெரியும். ஆனால் அந்தச் சிவப்புக்குப் பின்னால் ஒரு ஆறு இருக்கிறது. எண் காரணத்தைக் காட்டும். அது நல்லதா கெட்டதா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் இலக்கும் அதே வகைதான்

2030-க்குள் ஒரு ரூபாய் ஜிடிபிக்கான உமிழ்வை 2005 அளவிலிருந்து 45% குறைப்போம் என்பது இந்தியா உலகுக்குச் சொல்லியிருக்கும் வாக்குறுதி. 2020 வரை 36% குறைத்துவிட்டோம் என்று ஐ.நா.விடம் அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது. கற்பனை மில்லின் எண்ணோடு இது ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் கேள்வி அதேதான்: இந்த 36%-ல் ஆலைகளின் சிக்கனம் எவ்வளவு, சூரிய ஒளியும் காற்றும் எவ்வளவு, ஐ.டி. மாதிரியான சேவைத் துறை வளர்ந்ததால் தானாக இறங்கியது எவ்வளவு?

ஆலைகளுக்கான திட்டங்களும் இதே அளவுகோலில்தான் ஓடுகின்றன. 2012-ல் தொடங்கிய 'பெர்ஃபார்ம், அச்சீவ், டிரேட்' திட்டத்தின் முதல் சுற்றில் எட்டுத் துறைகளின் 478 நிறுவனங்களுக்கு இலக்கு வைக்கப்பட்டது. இலக்கைத் தாண்டியே சேமித்தார்கள். 2023-ல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டமும் ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்றுதான் பார்க்கிறது. மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு கிடையாது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. தலைக்கு இந்தியா வெளியிடும் கார்பன், உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. இன்னும் வீடு, பாலம், ரயில் பாதை எல்லாம் கட்ட வேண்டிய நாடு 'உற்பத்தியை நிறுத்து' என்று எழுதிக் கொடுக்க முடியாது. அந்த அளவுகோல் நமக்கு ஏற்றதுதான். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் ஏற்க முடியாதது.

எஃகைப் பாருங்கள். ஒரு டன் எஃகுக்கு இந்தியா சராசரியாக 2.54 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது என்கிறது எஃகு அமைச்சகத்தின் 2024 அறிக்கை. உலக சராசரியைவிட இது கணிசமாக அதிகம். நிலக்கரியில் ஓடும் சிறிய ஸ்பான்ஜ் அயர்ன் சூளைகள், தரம் குறைந்த நிலக்கரி, உருக்குவதற்குப் போதிய பழைய இரும்பு இல்லாதது எல்லாம் சேர்ந்த விளைவு. இன்னொரு பக்கம், 2030-31-க்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறன் என்பது தேசிய எஃகுக் கொள்கை. 2.54-ஐ 2.2 ஆக்கினால்கூட உற்பத்தி இரட்டிப்பானால் மொத்தம் எங்கே போகும் என்பதற்கு லாகரிதம் தேவையில்லை.

2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவைதான் இப்போதைக்குப் பட்டியலில். பனியன் இல்லை. ஆனால் வெளிநாட்டு பிராண்டுகள் திருப்பூரிடம் கார்பன் கணக்கைக் கேட்பதற்கு வரி தேவைப்படவில்லை. பெரிய ஏற்றுமதியாளர் ஒரு கன்சல்டன்டை வைத்துக் கொடுத்துவிடுவார். ஜாப் ஒர்க் யூனிட்காரரிடம் இருப்பது ஈ.பி. பில் மட்டும்தான்.

சாவி யார் கையில்?

கற்பனை மில்லில் பெரிய குறைப்பைக் கொடுத்தது காற்று. நிஜத்திலும் கொங்கு மண்டல மில்கள் பலவும் சொந்தக் காற்றாலை வைத்திருப்பவை. மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். அப்போது மிஞ்சும் யூனிட்டை மின்வாரியத்திடம் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் முடிவு செய்வது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதாவது, ஒரு மில்லின் கார்பன் கணக்கில் மிகப்பெரிய வரி, மில்லுக்குள் எழுதப்படுவதில்லை. ஒரு கட்டண ஆணையில் எழுதப்படுகிறது. 'சிறு தொழில்கள் சிக்கனமாக வேண்டும்' என்று பயிலரங்கம் நடத்திக்கொண்டே காற்றாலை மின்சாரத்தின் மீது கட்டணத்தை ஏற்றினால், ஒரு கையால் 290 டன்னைக் கொடுத்து மறு கையால் 925 டன்னைப் பறிப்பதாகத்தான் அர்த்தம்.

2030-க்குள் ஒரு ட்ரில்லியன் டாலர் பொருளாதாரம் என்பது தமிழ்நாட்டின் இலக்கு. நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலம் இது. உற்பத்திக் காரணி எந்தப் பக்கம் இழுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. மற்ற மூன்றும் எவ்வளவு எதிர்த்து இழுக்கின்றன என்பதுதான் பொதுவெளியில் இல்லாத தகவல். அதற்கான பெரும்பாலான தரவு ஏற்கெனவே சேகரிக்கப்படுகிறது. வருடாந்திரத் தொழில் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒவ்வொரு ஆலையும் எரித்த நிலக்கரி, வாங்கிய மின்சாரம் எல்லாம் இருக்கின்றன. பத்துப் பேருக்குக் கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கு ஈ.பி. இணைப்பு எண்ணே போதும்.

ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது தொழில்துறை சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. எத்தனை ஒப்பந்தம், எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று பக்கம் பக்கமாக அட்டவணை வரும். உற்பத்தி, தொழில் அமைப்பு, சிக்கனம், எரிபொருள் என நான்கு வரிசையில் ஒரு கார்பன் அட்டவணைக்கு அதில் அரைப் பக்கம் போதும்.